இயற்பியலில் எந்தக் கிளை?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து ஊர் ஓய்ந்ததும், எங்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கவலை பிறந்துவிடும். அடுத்த ஆண்டு என்ன படிப்பது? சென்ற ஆண்டு ஒரு மாணவர் செய்முறை வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருடைய தந்தை விசைத்தறித் தொழிலாளி. "எம்.எஸ்சி.யில எந்தப் பிரிவு எடுத்தா நல்லது சார்? வீட்ல கேக்காங்க" என்றார்.

இது சாதாரணக் கேள்வியன்று. மகனுடைய இரண்டு ஆண்டு வருமானத்தை விட்டுக்கொடுத்து அவனை மேலே படிக்க அனுப்பும் குடும்பத்தின் கேள்வி. ஆகவே ஒரே சொல்லில் விடையளித்து அனுப்ப மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் விரித்துச் சொல்கிறேன்.

கிளைகள் பிரிந்த விதம்

இயற்பியலை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆராயும் பொருளைக் கொண்டு பிரிப்பது. அணுவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. அணுக்கருவோ அந்த அணுவிலும் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கருவினுள் நிகழ்வதை ஆராய்வது அணுக்கரு இயற்பியல். கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து உப்பாகவும் செம்பாகவும் சிலிக்கனாகவும் அமைவதை ஆராய்வது திண்மநிலை இயற்பியல். விண்மீன்களை ஆராய்வது வானியற்பியல். ஒளியியல், மின்னணுவியல், புவி இயற்பியல் என்று பட்டியல் நீளும்.

இரண்டாவது, வேலை செய்யும் முறையைக் கொண்டு பிரிப்பது. தாளும் பேனாவுமாகக் கணக்கிடுவோர் கோட்பாட்டாளர். கருவிகளை அமைத்து அளப்போர் சோதனையாளர். கணிப்பொறியில் மாதிரிகளை இயக்கிப் பார்ப்போர் மூன்றாம் வகையினர். மாணவர்கள் முதற்பிரிவைப் பற்றித்தான் கேட்கிறார்களே தவிர, இரண்டாவதைப் பற்றிக் கேட்பதேயில்லை. ஆனால் நம் பகற்பொழுதெல்லாம் எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாம் பிரிவுதான் அன்றோ?

வத்திராயிருப்பு தந்த பாடம்

எங்கள் ஊரிலிருந்து வடக்கே இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து சென்றால் வத்திராயிருப்பு வரும். 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கே. எஸ். கிருஷ்ணன் பிறந்தது அங்கேதான். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். இயற்பியல் படித்த அவர் முதலில் ஏற்ற வேலை, வேதியியல் செய்முறை வகுப்பில் உதவி ஆசிரியர் வேலை!

பின்னர் கல்கத்தா சென்று, சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். 1928இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த 'நேச்சர்' இதழ்க் குறிப்பில் இராமனுடைய பெயரோடு கிருஷ்ணனுடைய பெயரும் இருக்கிறது. அத்தகைய வெற்றிக்குப்பின் அதே கிளையிலேயே அமர்ந்துவிடத்தான் எவருக்கும் தோன்றும். கிருஷ்ணனோ அந்த ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராயத் தொடங்கினார்.

இது தாவல் போலத் தோன்றும். ஆனால் தாவல் அன்று. ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையவை அல்ல என்பது அவருடைய கவனத்தில் இருந்தது. ஒளியிடம் திசைக்குத் திசை வேறுபாடு காட்டும் மூலக்கூறு காந்தத்திடமும் அப்படிக் காட்டுமா? கேள்வி ஒன்றுதான், கருவி மட்டுமே மாறியது.

அந்தக் கருவி எவ்வளவு எளியது என்று பாருங்கள். மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டிச் சீரான காந்தப் புலத்தில் தொங்கவிடுகிறோம். படிகம் தனக்கு ஏற்ற திசையில் நின்றுகொள்ளும். இப்போது இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்குகிறோம். முறுக்கு படிகத்தைத் திருப்பப் பார்க்கிறது. காந்தப் புலம் விடாமல் பிடித்து இழுக்கிறது. புலத்தின் பிடி, படிகம் திரும்பிய கோணத்தின் இருமடங்கின் சைன் மதிப்புக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே 45 பாகையில் அது உச்சத்தை அடையும். அதைத் தாண்டியதும் பிடி தளர்ந்து, படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அதுவரை எத்தனை பாகை முறுக்கினோம் என்று குறித்துக்கொண்டால், படிகத்தின் திசைவாரியான காந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

இதில் நீங்கள் அறியாதது என்ன இருக்கிறது? கம்பியின் முறுக்கத்தைப் பட்ட வகுப்பிலேயே அளக்கிறீர்கள். சைன் 2θ எப்போது உச்சம் என்பது பள்ளிக் கணக்கு. அடிப்படையை ஐயமறக் கற்றவனுக்கு எந்தக் கிளையும் அந்நியமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிருஷ்ணன் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று கிராஃபைட், அதாவது பென்சில் கரி. அதன் அடுக்குகள் வழியே மின்சாரம் எளிதாகவும், அடுக்குகளுக்குக் குறுக்கே மிக அரிதாகவும் பாய்கிறது என்பதை 1939இல் அவரும் கங்குலியும் வெளியிட்டனர். அந்த அடுக்குகளுள் ஒன்றை மட்டும் 2004இல் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்த கைமும் நோவோசெலோவும் 2010இல் நோபல் பரிசு பெற்றனர். 'பழைய துறை' என்று எதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

வேலைக்கு எது உதவும்?

இனி வீட்டார் கேட்கும் கேள்விக்கு வருவோம். இயற்பியல் எம்.எஸ்சி.யில் சிறப்புப் பிரிவு என்பது பெரும்பாலும் சில விருப்பத் தாள்களே. ஏனைய தாள்கள் எல்லோர்க்கும் பொது. முதுநிலை ஆசிரியர் பணிக்குக் கேட்கப்படுவது இயற்பியல் முதுநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும்தான், விருப்பத் தாள் எது என்பதன்று. ஆனால் பட்டத்தின் பெயரே வேறாக இருந்தால், சேருமுன் அது இயற்பியலுக்கு இணையாக ஏற்கப்படுகிறதா என்று அரசாணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்றபின் இதை அறிந்து வருந்துவோர் உண்டு.

சில பிரிவுகள் நேரே ஒரு தொழிலுக்கு இட்டுச்செல்லும். புற்றுநோய்க் கதிர்மருத்துவத்துக்கு மருத்துவ இயற்பியலர் தேவை. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள தகுதிகளைப் பெற்றாக வேண்டும். ஆராய்ச்சியை நாடுவோர் ஐ.ஐ.டி.களில் சேர 'ஜாம்' தேர்வும், பின்னர் உதவித்தொகைக்கு 'நெட்' தேர்வும் எழுத வேண்டும். இவற்றில் பெரிதும் வினவப்படுவது இயங்கியல், மின்காந்தவியல், குவாண்டம் இயங்கியல், வெப்ப இயற்பியல் ஆகிய அடிப்படைகளே. எந்தக் கிளையை விரும்பினும் வாசற்படி ஒன்றுதான்.

இயற்பியல் நமக்குத் தொலைவிலுள்ளதும் அன்று. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் உள்ளது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இராக்கெட் இயந்திரச் சோதனை, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் ஆகியனவும் உள்ளன. அனுமதி பெற்று ஒரு நாள் சென்று பாருங்கள். பாடநூலின் பத்து அதிகாரங்கள் சொல்லாததை அங்கே வேலை செய்வோரின் ஒரு நாள் சொல்லும்.

என் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் மின்னணுவியலை எடுத்தேன். காரணம், விடுதி அறையில் இருந்த நால்வரும் அதையே எடுத்தார்கள்! தாழ்வில்லாத மதிப்பெண்ணும் பெற்றேன். ஆசிரியரான பிறகு, நிறமாலைமானியைச் சரிசெய்ய மாலை வகுப்பு முடிந்தும் தனியே உட்கார்ந்திருக்கும்போதுதான் என் மனம் ஒளியியலில் இருப்பதை உணர்ந்தேன். பட்ட வகுப்பிலேயே அந்தக் கருவி என் கையில் இருந்தது. என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, மூன்றைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமலே நீங்கள் திரும்பத் திரும்பப் புரட்டும் அதிகாரம் எது? விடை வராதபோதும் சலிக்காமல் செய்வது கணக்கா, கருவியா, கணிப்பொறியா? நீங்கள் சேரவிருக்கும் துறையில் அதைக் கற்பிக்க நல்ல ஆசிரியரும் வேலை செய்யும் கருவிகளும் உண்டா? மூன்றாவதைப் பலர் கேட்கத் தவறுகிறார்கள்.

அந்த மாணவர் தம் தந்தையை ஒருநாள் என்னிடம் அழைத்துவந்தார். சிறப்புப் பிரிவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இவன் படிக்கிறது இவனுக்குப் புடிச்சிருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். மாணவர் இப்போது எம்.எஸ்சி. முதலாண்டில் இருக்கிறார். விருப்பத் தாளை இன்னும் முடிவு செய்யவில்லையாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.