இத்தாலிய சிப்பாய் பொம்மை: இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒரு போர்க்கதை

இத்தாலி டாங்கிக்கு எத்தனை கியர்? முன்னால் போக ஒன்று, பின்னால் வர நான்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் தாண்டியும் இந்த ஜோக் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இத்தாலிய வீரன் என்றாலே பயந்தாங்கொள்ளி, வெள்ளைக்கொடி, ஓட்டம்... இதுதான் பொதுவான சித்திரம்.

இந்தச் சித்திரத்தை மறுபடி யோசிக்க வைக்கும் ஒரு சின்ன பொருள் இருக்கிறது: பொம்மை. வரலாற்றுச் சிப்பாய் பொம்மைகளைச் சேகரித்து, பெயின்ட் அடித்து, மேஜையில் போர் விளையாடும் பெரியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் புழங்கும் அளவு 1:72. அதாவது, 172 செ.மீ. உயரமுள்ள ஆள் 2.4 செ.மீ. பிளாஸ்டிக் ஆகிவிடுவார். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959-ல் தொடங்கி வைத்த சந்தை இது. பின்னால் இத்தாலேரி, எஸ்சி, அட்லாண்டிக் என்று இத்தாலிய நிறுவனங்களும் களத்தில் இறங்கின.

இத்தனூண்டு பொம்மையில் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். நல்ல சிற்பி செதுக்கியிருந்தால், நிறையவே தெரியும்.

கையில் என்ன இருக்கு?

முதலில் துப்பாக்கி. இத்தாலியக் காலாட்படை வீரன் கையில் இருப்பது கர்கானோ. 1891-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட டிசைன். ஒரு கிளிப்பில் ஆறு தோட்டா, 6.5 மி.மீ. அளவு. இந்தத் தோட்டாவின் பலம் போதாது என்று 1938-ல் 7.35 மி.மீ.க்கு மாறத் தொடங்கினார்கள். மாற்றம் பாதியில் நிற்கும்போதே போர் வந்துவிட்டது. இரண்டு அளவுத் தோட்டாக்களை வைத்துக்கொண்டு சப்ளை செய்ய முடியாது என்று மறுபடி பழைய அளவுக்கே திரும்பினார்கள். (1963-ல் கென்னடியைச் சுட்டதும் ஒரு கர்கானோதான். 1940-ல் தயாரானது.)

பெட்டியில் படுத்துக்கொண்டு சுடும் பொம்மை ஒன்று இருந்தால், அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது பெரும்பாலும் பிரேடா 30 மெஷின்கன். அதன் வலப்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது மேகஸின். மற்ற நாட்டு மெஷின்கன்களில் காலி மேகஸினைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டலாம். இதில் அது முடியாது. மேகஸின் துப்பாக்கியோடேயே கீலில் மாட்டியிருக்கும். அதை மடக்கித் திறந்து, 20 தோட்டாக்களை உள்ளே தள்ளி, மூடிவிட்டுத்தான் திரும்பச் சுடணும். அந்தக் கீல் வளைந்துபோனால் மொத்தத் துப்பாக்கியும் வேஸ்ட்.

அதைவிடக் கொடுமை, தோட்டா சிக்காமல் இருக்க இந்தத் துப்பாக்கிக்குள் ஒரு குட்டி எண்ணெய் பம்ப். ஒவ்வொரு தோட்டாவிலும் எண்ணெய் பூசி அனுப்பும். லிபியா பாலைவனத்தில் எண்ணெயும் மணலும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதேதான். எதிரி நூறு அடியில் வரும்போது துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையைத் தூக்கியவனைக் கோழை என்று சொல்வது, சோஃபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபம்.

எல்லாமே மட்டமா?

இல்லை. பெரெட்டா 38 சப்மெஷின்கன் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. ஜெர்மானியர்களே விரும்பி வாங்கிப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆரம்பத்தில் கைக்குக் கிடைத்தது சிலருக்குத்தான். பொம்மைப் பெட்டியில் சாதாரண வீரர்கள் எல்லாரும் பெரெட்டா ஏந்தி நின்றால், அந்தச் சிற்பி கொஞ்சம் தாராள மனசுக்காரர். இடுப்பில் சிவப்புப் புள்ளியாக வரைய வேண்டிய கையெறி குண்டும் உண்டு. பிரிட்டிஷ் வீரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சிவப்புப் பிசாசு’.

கால்களையும் பாருங்கள். பூட்ஸுக்கு மேலே, முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டை தெரியும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ‘பட்டீ’. நம்ம ஊர் இந்தி ‘பட்டி’யிலிருந்து போன சொல். இந்தக் கால்களுக்கு நடை ஜாஸ்தி, காரணம் லாரி இல்லை. 1942 நவம்பரில் எல் அலமெய்னிலிருந்து பின்வாங்கும்போது, இருந்த வண்டிகளில் மற்றவர்கள் போய்விட, தெற்கு முனையில் நின்ற இத்தாலியக் காலாட்படை பாலைவனத்தில் கால்நடையாக விடப்பட்டது. அதில் ஃபோல்கோரே பாராசூட் டிவிஷனும் ஒன்று. அதற்கு முன் பிரிட்டிஷ் தாக்குதல்களை அது தாக்குப்பிடித்து நின்றதை எதிரணியே ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1941 நவம்பர் 19 அன்று, பீர் எல் குபியில் அரியேட்டே டிவிஷன் பிரிட்டிஷ் டாங்கிப் படையைத் தடுத்து நிறுத்தியது.

அப்போ ஜோக் எங்கிருந்து வந்தது? 1940 டிசம்பரிலிருந்து 1941 பிப்ரவரி வரை நடந்த ஆபரேஷன் காம்பஸில் சுமார் 1,30,000 இத்தாலியர்கள் பிடிபட்டார்கள். அந்தப் போட்டோக்கள் உலகம் சுற்றின. மேஜை விளையாட்டுகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ‘ஃப்ளேம்ஸ் ஆஃப் வார்’ விளையாட்டின் முந்தைய பதிப்புகளில் இத்தாலியப் படைக்கென்றே ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு பிளாட்டூனுக்கும் பகடை உருட்டித்தான் அது சூரப்புலியா, தேறாத கேஸா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. விதியின் பெயர் முசோலினி அடித்த வெட்டிப் பெருமையிலிருந்து வந்தது: ‘80 லட்சம் பயனெட்டுகள்’.

பெட்டியில் இல்லாதது

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. ஹெல்மெட்டில் கறுப்பு இறகு செருகிய பெர்சாலியேரி, இறகுத் தொப்பி போட்ட மலைப்படை ஆல்பினி... பார்க்க அவ்வளவு அழகு. பாவப்பட்ட வீரன், மோசமான துப்பாக்கி என்ற கதையும் மனசைத் தொடும். ஆனால் இதே ராணுவம்தான் 1935-36-ல் எத்தியோப்பியாவில் விஷவாயு வீசியது. அதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொள்ள 1996 வரை ஆனது. லிபியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் பொதுமக்களை அடைத்துவைத்த முகாம்கள் தனி. அட்லாண்டிக் நிறுவனம் 1970-களில் முசோலினியையே பொம்மையாக விற்றது. விஷவாயுவுக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை.

லெகோ இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. நிஜ நவீன ராணுவத்தைப் பொம்மையாக்குவதில்லை என்பது அதன் கொள்கை. 2020-ல் ஆஸ்ப்ரே விமான செட்டை வெளியீட்டுக்குச் சற்று முன் அது திரும்பப் பெற்றதும் அதனால்தான். இன்று லெகோ ஸ்டைலில் கிடைக்கும் இத்தாலிய வீரர்கள் வேறு சிறு நிறுவனங்களின் வேலை. அந்தக் கட்டைக் கால்களில் துணிப்பட்டை வெறும் பிரின்ட்தான். பிரேடாவின் கீலைத் தேடினால் கிடைக்காது.

அதைப் பார்க்கணும் என்றால் 1:72-தான், அல்லது ஐந்து செ.மீ. உயரமுள்ள 1:35. மென்மையான பிளாஸ்டிக் என்பதால் 1:72-ல் துப்பாக்கிக் குழல் வளைந்தே வரும். வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நேராகிவிடும். பெயின்ட் அடிப்பதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவ மறக்காதீங்க, இல்லையென்றால் சாம்பல்பச்சை யூனிஃபார்ம் ஒரே வாரத்தில் உரிந்துவிடும்.