முட்டத்தின் தென்வானம்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் முட்டம். அதன் செம்மண் மேடும், அலை மோதும் கரும்பாறைகளும், கலங்கரை விளக்கமும் திரைப்படங்களின் வாயிலாகத் தமிழர் பலருக்கும் பழகியவை. பகலிலும் அந்தியிலும் படம்பிடிக்கப்பட்ட அவ்வூருக்கு, படக்கருவிகள் மூடப்பட்ட பின்னர்த் தொடங்கும் வேறொரு சிறப்பு உண்டு. அது அதன் தென்வானம்.

ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் அங்குத் துருவமீன் தோன்றும். தில்லியில் அது 28 பாகைக்கு மேல் நிற்கிறது. சென்னையில் 13 பாகை. முட்டத்திலோ 8 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அம்முட்டி வானில் மறைக்கும் அளவு ஏறத்தாழ 10 பாகை. ஆகவே முட்டத்தில் துருவமீன் ஒரு முட்டி உயரம்கூட எழுவதில்லை. தென்னை மட்டைகளுக்கும் மலைத்தொடரின் மூட்டத்துக்கும் பின்னே பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. வடக்கில் இழந்ததைத் தெற்கு ஈடுசெய்கிறது. இலண்டன் மாநகரில் என்றுமே உதிக்காத அகத்தியர் விண்மீன், முட்டத்துக் கடலுக்கு மேலே 29 பாகை வரை உயர்கிறது. இரவு வானின் ஒளிமிக்க விண்மீன்களுள் இரண்டாம் இடம் பெற்றது அது. தென்திசை முனிவரின் பெயரால் வழங்கும் அந்த விண்மீனை, அவர் பெயர் கொண்ட அகத்தியர்மலை நிற்கும் தொடரின் தென்கோடியிலிருந்து காண்பது பொருத்தமே. தென்சிலுவை 22 பாகை உயரம் வரும். நம் பால்வழி மண்டலத்தின் துணை மண்டலமான பெரிய மகெல்லன் முகில், சனவரி இறுதியில் இரவு 9 மணியளவில் 12 பாகை உயரத்தில் மங்கிய புகைத்திட்டாக நிற்கும்.

நாள்மீன், கோள்மீன் என விண்மீனையும் கோளையும் பிரித்தறிந்தது பண்டைத் தமிழ். அறுமீன், எழுமீன், வடமீன் என வானத்துக் கூட்டங்களுக்கும் தனிமீன்களுக்கும் பெயரிட்டது. திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் கட்டுமரத்தில் சென்ற மீனவருக்கு அவை ஏட்டறிவு அல்ல, கரைசேரும் வழி. இன்று அப்பணியைச் செயற்கைக்கோள் வழிகாட்டிகள் ஏற்றுக்கொண்டன. பாதுகாப்பு மிகுந்தது, வானை அண்ணாந்து பார்க்கும் தேவை குறைந்தது. அத்தேவை இல்லாமலும் வானைப் பார்ப்பவர்களையே பொழுதுபோக்கு வானியலர் என்கிறோம். 'பொழுதுபோக்கு' என்னும் அடைமொழி சற்றே தவறான எண்ணத்தைத் தருவது. வானியலின் வரலாற்றில் ஊதியம் பெறாத கண்கள் கண்டவை மிகப் பல.

தோட்டத்தில் தொடங்கிய வானியல்

தமிழ்நாட்டில் தற்கால வானியல் ஒரு தனிமனிதரின் வீட்டில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் தம் இல்லத்தில் சொந்தச் செலவில் ஒரு வான்நோக்ககம் அமைத்தார். பின்னர்க் கும்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக அங்கு நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அந்தத் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

அந்த நோக்ககத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. விண்மீன்களின் இடங்களை இரவுதோறும் அளந்து பட்டியலிடுவது அங்கு நடந்த பணி. அப்பணியினூடே, 1867இல், தென்வானின் ரெட்டிக்குலம் கூட்டத்தில் ஒரு விண்மீனின் ஒளி நிலையாக இல்லை என்பதை அவர் கண்டறிந்தார். 'ஆர் ரெட்டிக்குலி' என இன்று வழங்கும் அந்த மாறொளி விண்மீன், ஏறத்தாழ 280 நாள்களுக்கு ஒருமுறை ஒளி பெருகிச் சுருங்குகிறது. 1874 திசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்தபோது, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை அவர் இந்திய மொழிகளில் வெளியிட்டார். கண்டறிந்ததை அறிஞர் அவையோடு நிறுத்திக்கொள்ளாத அம்முயற்சி, கண்டுபிடிப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

யசோர் நகரக் கருவூல எழுத்தர்

ரகுநாதாச்சாரிக்கு நோக்ககம் இருந்தது. வங்கத்தின் யசோர் நகரில் வாழ்ந்த இராதாகோவிந்த சந்திராவுக்கு அதுவும் இல்லை. 1878இல் பிறந்த அவர் பள்ளி இறுதித் தேர்வில் பலமுறை தோற்றவர். அரசுக் கருவூலத்தில் காசு சரிபார்க்கும் எழுத்தர். பகலில் நாணயங்களின் தரத்தை ஆராய்ந்த கண்கள் இரவில் விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்தன. 1918 சூன் 7ஆம் நாள் இரவு, கழுகுக் கூட்டத்தில் அதற்குமுன் இல்லாத ஒளிமீன் ஒன்றை மூன்று அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்த இந்த எழுத்தர் தாமாகவே கண்டார். திடீரென ஒளி பெருகும் அத்தகைய விண்மீனை 'நோவா' என்பர். அதன்பின் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் கழகத்துக்குத் தம் குறிப்புகளைத் தொடர்ந்து அனுப்பினார். அக்கழகம் 1926இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல்கடந்து அவருக்கு அனுப்பிவைத்தது. வாழ்நாளில் அவர் அனுப்பிய ஒளிக்கணிப்புகள் 37,000க்கும் மேல்.

அத்தொலைநோக்கி பிற்காலத்தில் வானியலர் வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது. பாப்புவின் முயற்சியால் உருவான அந்நோக்ககம் இப்போது அவர் பெயரையே தாங்குகிறது. அங்கு 1986இல் நிறுவப்பட்ட பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. மாபெரும் கருவிக்கு அருகே ஒரு கருவூல எழுத்தரின் கருவியும் இடம்பெற்றது தற்செயலே எனினும், இந்திய வானியலின் இருவேறு கிளைகள் அங்குக் கைகோத்தன.

எழுத்தர் செய்த வேலை எளிதாகத் தோன்றும். மாறும் விண்மீனுக்கு அருகே ஒளி மாறாத இரு விண்மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; ஒன்று அதைவிட ஒளிமிக்கது, மற்றொன்று மங்கலானது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒளி வேறுபாட்டை மனத்தால் பத்துக் கூறாக்கி, மாறும் விண்மீன் எந்தக் கூறில் விழுகிறது எனக் கணித்து, நாளும் நேரமும் குறித்துவைக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் சிவந்த விண்மீனை நெடுநேரம் உற்றுப்பார்த்தால் அதன் ஒளி உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். எனவே சிறு பார்வைகளாகவே நோக்க வேண்டும். நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு இன்று கணித்தால் கண் நேற்றையதையே காணும். தான் எதிர்பார்த்ததை எழுதாமல் கண்டதை எழுதுவதே இக்கலையின் கடினமான பகுதி.

இதற்குக் கருவியே வேண்டியதில்லை என்பதை நம் காலமே காட்டியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில், வேட்டைக்காரன் கூட்டத்தின் தோளில் ஒளிரும் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அது மற்றத் தோளிலுள்ள விண்மீனின் அளவுக்கே ஒளிகுன்றி நின்றது. உலகெங்கும் தொழில்முறை வானியலரின் கருவிகளோடு பொழுதுபோக்கு நோக்கர்களின் கணிப்புகளும் சேர்ந்து அதன் சரிவையும் மீட்சியையும் வரைந்தன. விண்மீன் உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி அதன் ஒளியை மறைத்தது என ஆய்வுகள் விளக்கின. அந்தப் பிப்ரவரி இரவுகளில் முட்டத்துப் பாறைமீது நின்ற எவரும் வெறுங்கண்ணால் அம்மாற்றத்தைக் கண்டிருக்கலாம். திருவாதிரையின் வழக்கமான ஒளி இன்னதென முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே தேவை.

கண்ணும் கருவியும்

இருளுக்குள் சென்றவுடன் கண் முழுத்திறனோடு இயங்குவதில்லை. அது இருளுக்குப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அப்பழக்கம் கலைந்துவிடும். அதனால்தான் வான்நோக்கர் மங்கிய செவ்விளக்கையே பயன்படுத்துகின்றனர். முட்டத்தில் கலங்கரை விளக்கின் கற்றை சுழன்று வருவதால், அதற்கு மறைவான மேட்டுச் சரிவைத் தேர்வது நலம். மங்கலான பொருளை நேராகப் பார்ப்பதைவிடச் சற்று விலக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதி மென்னொளிக்கு மிகுந்த உணர்வுடையது.

தொடக்கநிலை நோக்கருக்குத் தொலைநோக்கியைவிட இருகண் நோக்கியே ஏற்றது. இருளில் விரிந்த கண்மணியின் விட்டம் 7 மில்லிமீட்டர் அளவு. 50 மில்லிமீட்டர் வில்லை அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைத் திரட்டும். தெருவோர வானியலின் தந்தை எனப்படும் சான் டாப்சன், சான் பிரான்சிசுகோவின் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தபோது, கப்பல் சாளரங்களின் பழைய தடித்த கண்ணாடிகளைத் தேய்த்துக் குழியாடிகள் செய்தார். இரு கண்ணாடி வட்டுகளுக்கிடையே அரத்தூளும் நீரும் இட்டு மாறிமாறித் தேய்த்தால் மேல்வட்டு தானே குழியும். ஆனால் இறுதி வடிவம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழையின்றி அமைதல் வேண்டும். அந்த நுட்பத்தைக் கையாலேயே எட்டிவிட முடியும் என்பதே வியப்பு.

ஒளிப்படம் எடுப்போர்க்குப் புவியின் சுழற்சியே முதல் தடை. விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. படக்கருவியை முக்காலியில் நிறுத்தி நெடுநேரம் திறந்துவைத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். 500ஐ வில்லையின் குவியத் தொலைவால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளைத் தோராயமான எல்லையாகக் கொள்வர். 20 மில்லிமீட்டர் வில்லைக்கு அது 25 நொடி. வானின் தென்முனைக்கு அருகிலுள்ளவை மெல்ல நகர்வதால், தென்சிலுவையைப் படமெடுக்க ஏறத்தாழ இருமடங்கு நேரம் கிடைக்கும். இது தென்வானம் முட்டத்துக்குத் தரும் சலுகை. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பது அடுத்த நிலை. 16 படங்களை அடுக்கினால் மணல்தூவியது போன்ற இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். கடற்கரையில் உப்புத்துளி வில்லையில் படியும் என்பதை மறத்தல் கூடாது. உப்போடு துடைத்தால் கீறல் விழும்.

1987 பிப்ரவரியில் பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது. சிலி நாட்டு மலையொன்றில் இயான் செல்டன் கண்ட அதே வெடிப்பை, நியூசிலாந்தின் பொழுதுபோக்கு நோக்கரான ஆல்பர்ட் சோன்சும் தாமாகக் கண்டறிந்தார். ஏறத்தாழ 1,60,000 ஆண்டுகள் பயணம் செய்து வந்த அவ்வொளி, பின்வந்த வாரங்களில் முட்டத்தின் முன்னிரவு வானிலும் 12 பாகை உயரத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டும் அளவில் இருந்தது.

மறையும் இருள்

அதே முகிலை இன்று முட்டத்தில் தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது விளக்கொளி. மேல்நோக்கிச் சிதறும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி வானத்தையே வெளிறச் செய்கிறது. ஒளிமிக்க விண்மீன்கள் தப்பிப் பிழைக்கும். மகெல்லன் முகில், பால்வழி போன்ற பரந்த மென்னொளிகளே முதலில் அழியும். பகல் வானம் நீலமாகத் தெரிவதற்குரிய காரணத்தால் நீலங்கலந்த வெள்ளொளி மிகுதியாகச் சிதறுகிறது. மஞ்சள் ஒளி குறைவாகச் சிதறும். கரையில் பொரித்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகளும் அவ்வொளியால் திசைமாறிக் கடலுக்குப் பதிலாக ஊரை நோக்கிச் செல்கின்றன.

விளக்குகளை அணைத்துவிடுங்கள் எனச் சொல்வது எளிது. விடியலுக்கு முன்னரே படகேறுவோர் வாழும் ஊரில் அது பொறுப்பற்ற பேச்சாகும். துறைமுகத்துக்கும் இறங்குபடிகளுக்கும் வெளிச்சம் இன்றியமையாதது. விளக்கின்மேல் ஒரு மூடி பொருத்தி, ஒளி தரையில் மட்டும் விழுமாறு செய்தால், படகேறுவோரின் காலடி இன்னும் தெளிவாகத் தெரியும்; கண்கூச்சம் குறையும்; மேலே வீணாகும் மின்சாரமும் மிஞ்சும். தரையை நோக்க வேண்டிய ஒளி வானை நோக்குவதே இங்குள்ள பிழை.

ரகுநாதாச்சாரி கண்ட விண்மீன் சென்னையில் 14 பாகைக்கு மேல் உயர்வதில்லை. முட்டத்தில் சனவரி நடுவில், இரவு 9 மணியளவில், அது கடலுக்கு மேலே 19 பாகை உயரத்தில் நிற்கும். ஒளி பெருகிய காலத்தில் இருகண் நோக்கியே போதும். சுருங்கிய காலத்தில் சிறிய தொலைநோக்கிகளுக்கு அது அகப்படாது.