ஜப்பானிய வகுப்பும் புன்னைக்காயல் பாதிரியாரும்

ஜப்பானுக்குப் போய் மொழிப்பள்ளியில் சேரப்போகும் தூத்துக்குடிப் பிள்ளைகள் முதலில் பயப்படுவது இலக்கணத்துக்கு. அந்தப் பயம் வேண்டாம். ஜப்பானிய மொழியிலும் வினை வாக்கியக் கடைசியில்தான் வரும். உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ‘தூத்துக்குடிக்குப் போகிறேன்’ என்பது ‘தூத்துக்குடி நி இகிமாஸ்’. நம்முடைய ‘கு’ நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘நி’. தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்றார் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. வகுப்பறைக்கு அந்த வழக்கு தேவையில்லை, ஒற்றுமை இருந்தால் போதும்.

திணறடிப்பது வேகமும் எழுத்தும்தான். வாரத்துக்கு 20 பாடவேளை, பெரும்பாலும் ஜப்பானியத்திலேயே நடக்கும். வருகை குறைந்தால் விசா நீட்டிப்பில் சிக்கல். ஹிராகனா 46, கதகனா 46 எழுத்துகளை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பிறகு காஞ்சி எனப்படும் சீன எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 இருக்கின்றன. பக்கத்தில் உட்காரும் சீன மாணவருக்கு அவற்றில் பெரும்பாலானவை முகம் தெரிந்தவை. அவரோடு போட்டி போட்டு நொந்துபோவதில் அர்த்தமில்லை.

பேச்சு வராத முதல் மாதங்களை எப்படித் தாண்டுவது? நம் கடற்கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகச் சொன்னார், மற்றதற்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர். 1549இல் ககோஷிமாவில் இறங்கியபோதும் அஞ்சிரோ என்ற ஜப்பானியரின் துணையோடுதான் பேசினார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கீசியர் அன்றீக் அடிகளார் வேறு வழி பிடித்தார். ஐரோப்பியர் தமிழ் கற்கப் பாடநூலே இல்லாத காலம். புன்னைக்காயலில் தங்கி, தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து வேற்றுமை, காலம் என்று தாமே குறிப்பெழுதிப் படித்தார். மொழி தெரிந்த பாதிரிமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் பரிகாரம் என்று விதியும் வைத்துக்கொண்டார்கள். அன்றீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ நூல் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

தங்களுக்குள் தமிழிலேயே பேசும் அந்த விதி ஜப்பானியம் படிக்க இன்றைக்கும் செல்லும், கொஞ்சம் தளர்த்திக்கொண்டால். நாள் முழுக்க ஜப்பானியம் என்றால் மண்டை காய்ந்துவிடும். இராத்திரிச் சாப்பாட்டு நேரம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன் பேசும்போது தாராளமாகத் தமிழ். ஆபத்து தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது: கடையிலும் அலுவலகத்திலும் உடைந்த ஆங்கிலத்தில் காரியம் முடிந்துவிட்டால் ஜப்பானியம் நாக்கில் ஏறாது.

அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் பேச ஆளிருக்காது. கடைக் கல்லாவில் நின்றால் ஒரே வணக்கத்தை நாளைக்கு நூறு தடவை சொல்லியாக வேண்டும். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.