ஒலிப்பதிவுக் கலையில் ஒருங்கிணைந்த இளநிலை – முதுநிலைப் படிப்பு

ஒலிப்பதிவுக் கலை என்பது இசை, பேச்சு, சுற்றுப்புற ஒலி ஆகியவற்றை ஒலிவாங்கியால் பிடித்து, தொகுத்து, கலந்து, கேட்பதற்கு ஏற்ற வடிவில் தரும் துறையாகும். இத்துறையில் இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் தனித்தனியே படிக்காமல், ஒரே தொடர்ச்சியாகப் படித்து இரண்டையும் பெறும் முறையே ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு எனப்படுகிறது. நான்கும் இரண்டும் ஆறு ஆண்டுகள் ஆகவேண்டிய படிப்பு, பெரும்பாலும் ஐந்தே ஆண்டுகளில் முடிகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், கணினி போன்ற துறைகளில் இந்த ஏற்பாடு வெகு சாதாரணம். ஒலிப்பதிவில் சில இடங்களில் மட்டுமே உள்ளது.

தமிழ்த் திரைப்படங்களின் தொடக்கத்தில் ‘ஒலிப்பதிவு’ என்று ஒரு பெயர் ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் இசைக்கலைஞரா, பொறியாளரா என்ற கேள்வி பழமையானது. இந்தப் படிப்பின் அமைப்பே அந்தக் கேள்விக்கான விடையைத் தேடிப் பிறந்ததுதான்.

தோற்றம்

இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1946ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக வேந்தர் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒலிப்பதிவாளர்களுக்கு இசையோடு இயற்பியலும் ஒலியியலும் கற்பிக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். 1949இல் ஜெர்மனியின் டெட்மோல்ட் நகர இசைக் கல்லூரியில் எரிக் தீன்ஹவுஸ் அப்படியொரு படிப்பைத் தொடங்கினார். அங்கு படித்தவர்கள் ‘டோன்மைஸ்டர்’ எனப்பட்டனர். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970இல் அதே பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கியது.

பழைய ஜெர்மன் முறையில் டோன்மைஸ்டர் படிப்பு பிரிவில்லாத ஒரே நீண்ட படிப்பாக இருந்தது. 1999ஆம் ஆண்டின் பொலோனா உடன்பாட்டுக்குப் பின் ஐரோப்பா முழுவதும் பட்டங்கள் இளநிலை, முதுநிலை என இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இதுவும் பிரிந்தது. அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலிலிருந்தே பிரிந்திருந்த இரண்டு பட்டங்களை அங்கே இணைக்கிறார்கள்.

இரண்டு அறிவும் ஏன் தேவை

ஒரு வயலினுக்கு முன் இரண்டு ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், தொலைவில் உள்ளதை அது சுமார் 1 மில்லிநொடி தாமதமாக எட்டும். இரண்டு பதிவுகளையும் சம அளவில் கலந்தால், 500 ஹெர்ட்ஸ் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1500, 2500 ஹெர்ட்ஸ் இடங்களிலும் அதே கதை. 1000, 2000 ஹெர்ட்ஸ் இடங்களிலோ ஒலி வலுப்பெறும். மேற்கத்திய இசையில் சுமார் 494 ஹெர்ட்ஸ் உடைய ‘பி’ சுரத்தின் அடிப்படை அலை இதில் மெலிந்துவிடும்.

பயிற்சி பெற்ற இசைக்கலைஞரின் காது, வயலின் உள்ளீடற்று ஒலிப்பதை உடனே கண்டுகொள்ளும், காரணம் தெரியாது. பொறியாளர் காரணத்தைத் தாளில் கணக்கிட்டுவிடுவார். ஆனால் அந்தக் குறையைக் கேட்டு அறியும் காது அவருக்கு வாய்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒலிவாங்கியை எங்கே நகர்த்துவது என்பதை ஒரே ஆள் கேட்டும் கணக்கிட்டும் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மென்பொருளை இயக்கத் தெரிந்துகொள்வது இதில் மிகச் சிறிய பகுதிதான். அதற்கு ஐந்து ஆண்டுகள் வேண்டியதில்லை.

படிப்பின் அமைப்பு

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியான பால்டிமோர் பீபாடி நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஒலிப்பதிவு படிக்க விரும்பும் மாணவர், வாத்தியம் வாசிப்போருக்கான நேர்முகத் தேர்விலும் வெல்லவேண்டும். இசைப் படிப்பும் ஒலிப்பதிவும் சேர்ந்தே நடக்கின்றன. கணிதம், இயற்பியல், மின்பொறியியல் பாடங்களும் உண்டு. முதுநிலையில் ஒலிப்பதிவும் தயாரிப்பும் ஒரு பிரிவு, ஒலியியல் மற்றொரு பிரிவு. இளநிலையிலிருந்து இந்த முதுநிலைக்கு இணைத்துப் படிக்கும் வழியும் அங்கே உள்ளது.

ஒலியியல் பிரிவு அரங்குகளின் கட்டமைப்பைப் பற்றியது. இதன் அடிப்படை, ஹார்வர்டு பல்கலைக்கழக இளம் பேராசிரியர் வாலஸ் சபைன் 1895இல் தொடங்கிய ஆய்வு. ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேச்சு எதிர்முழக்கத்தில் மூழ்கி யாருக்கும் புரியாமல் போனது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, அந்த ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார் சபைன். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அறையின் கொள்ளளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் இணைக்கும் அவரது சூத்திரம் அதிலிருந்து வந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி அரங்கு அந்தக் கணக்கின் துணையோடு கட்டப்பட்டது. ஒலியியல் படிக்கும் மாணவர் இன்றும் அந்தச் சூத்திரத்தில்தான் தொடங்குகிறார்.

ஓராண்டு எப்படி மிச்சமாகிறது? அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட்டும், முதுநிலைக்கு 30 அல்லது அதற்குச் சற்று மேலும் தேவை. ஒருங்கிணைந்த படிப்பில், இளநிலையின் கடைசி ஆண்டிலேயே சில முதுநிலைப் பாடங்களை எடுக்கலாம். அவை இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் சேரும். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலாண்டிலேயே சேர்ந்துவிட்டதாக எண்ணி ஏமாறுவோர் உண்டு.

யாருக்குப் பயன்

பாடல் பதிவுக்கூடத்தில் வேலை பார்க்க முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. அங்கே கேட்கப்படுவது முன்பு செய்த பதிவுகளும் பரிந்துரையும்தான். பெரும் ஒலிப்பதிவாளர்களில் பலர் பட்டம் பெறாமல், தேநீர் வாங்கிக் கொடுத்தும் கம்பி சுருட்டியும் தொழில் கற்றவர்கள். அந்த வழியில் போக எண்ணுபவருக்கு ஐந்தாம் ஆண்டின் கட்டணம் வீண் சுமை. அரங்க ஒலியியல் ஆலோசனை, ஒலிபெருக்கி வடிவமைப்பு, நீதிமன்றத்துக்கான ஒலிச்சான்று ஆய்வு, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவற்றில் முதுநிலைப் பட்டத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. ஒருங்கிணைந்த படிப்பு இவர்களுக்கானது.

சேருமுன் ஒரு செய்தியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. சில இடங்களில் இளநிலைப் பட்டம் நான்காம் ஆண்டின் முடிவிலேயே தரப்படுகிறது. சில இடங்களில் இரண்டும் ஐந்தாம் ஆண்டின் முடிவில்தான். பணமோ உடல்நலமோ இடையில் கைவிட்டால், முதல் வகையில் ஒரு பட்டமாவது கையில் இருக்கும். மேலும், அமெரிக்க மாணவருக்கான பெல் உதவித்தொகை இளநிலைப் படிப்போருக்கே உரியது. முதுநிலை மாணவராகக் கணக்கிடப்படும் நாளில் அது நின்றுவிடும். எந்தப் பருவத்திலிருந்து அப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் கல்லூரி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.