இஸகாயாவில் என்ன சாப்பிடலாம்?

ஜப்பான்காரர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் சாப்பாடுதான் காரணம் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டி விடுகிறோம். மீன், டோஃபு, கடல்பாசி, கிரீன் டீ... கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால், டோக்கியோ ஆபீஸ்காரர் ஒருவர் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறும்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பெயர் இஸகாயா. 'இ' என்றால் இருப்பது, 'ஸகே' என்றால் மது, 'யா' என்றால் கடை. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், மது விற்கும் கடையிலேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே! அது வளர்ந்து வளர்ந்து இன்று சாப்பாட்டுக் கடையாகவே ஆகிவிட்டது. பார் மாதிரி இருட்டாக இருக்காது. ஹோட்டல் மாதிரி பந்தாவும் கிடையாது. ஷிம்பாஷி ரயில் பாலத்துக்கு அடியில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். சிவப்புக் காகித விளக்கு, வாசலில் துணித் தொங்கல், உள்ளே டை கட்டிய கூட்டம், கரி அடுப்புப் புகை. டோக்கியோவில் மகனோ மகளோ வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பார்க்கப் போனால் ஒரு நாளாவது உங்களை அங்கே கூட்டிப் போகாமல் விடமாட்டார்கள். போங்கள், தப்பே இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

உட்கார்ந்த உடனே கை துடைக்க ஈரத் துண்டு வரும். கூடவே நீங்கள் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வரும். 'ஓதோஷி' என்று பெயர். வேகவைத்த காய், ஊறுகாய், மீன் துண்டு என எதுவாகவும் இருக்கலாம். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பில்லில் ஆளுக்கு முந்நூறு, நானூறு யென் ஏறியிருக்கும். உட்காரும் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் நல்லது எது? முதல் இடம் எடமாமேக்குத்தான். பச்சை சோயா பீன்ஸைத் தோலோடு வேகவைத்துக் கொடுப்பார்கள். உரித்து உரித்துச் சாப்பிட வேண்டியிருப்பதால் வேகமாக உள்ளே தள்ள முடியாது. 100 கிராம் பருப்பில் 11 கிராமுக்கு மேல் புரதம்! அடுத்தது ஹியயாக்கோ. குளிர்ந்த டோஃபு மேல் இஞ்சித் துருவல், வெங்காயத்தாள். அசைவக்காரர்களுக்கு, சுட்ட அயலை மீன். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற ஒமேகா 3 அதில் தாராளம். எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, நடுவில் வைத்து நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவது. ஒருவர் பங்கு மிகக் குறைவு. நாமும் பழகிக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

அப்புறம் என்ன பிரச்னை என்கிறீர்களா? உப்பு!

எடமாமே மேல் தூவுவது உப்பு. ஊறுகாயில் உப்பு. கோழிக் கறியைக் கம்பியில் குத்திச் சுடும் யாக்கிடோரிக்கு, 'ஷியோவா, தாரேயா?' என்று கேட்பார்கள். ஷியோ என்றால் நேரடியாக உப்பு. தாரே என்றால் சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த குழம்பு. எதைச் சொன்னாலும் உப்புதான்! சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் மட்டும் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-ல் ஜப்பான் அரசு எடுத்த கணக்கில் ஆண்கள் சராசரியாகச் சாப்பிட்டது 10.9 கிராம், பெண்கள் 9.3 கிராம். பக்கவாதம் அந்த நாட்டை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்ததற்கு உப்பு ஒரு முக்கியக் காரணம். நாகானோ என்ற மலை மாகாணத்தில் குளிர்காலத்துக்காக உப்பில் போட்ட காய்தான் தினசரி சாப்பாடு. 1980-களில் அங்கே வீடு வீடாகப் போய், மிஸோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து, 'குறையுங்கள் அம்மா' என்று பெண்களே பிரசாரம் செய்தார்கள். 2010 கணக்கில் ஆண், பெண் இருவருக்குமே ஆயுள் அதிகமுள்ள மாகாணம் அதுதான்!

ஆகவே பிளட் பிரஷர் உள்ளவர்கள் சோயா சாஸை ஊற்றாதீர்கள், ஓரத்தில் தொட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் துண்டு கேட்டால் தருவார்கள். பிழிந்துகொண்டால் உப்பு குறைவது நாக்குக்குத் தெரியாது.

சைவக்காரர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். மெனுவில் காய்தானே, டோஃபுதானே என்று நம்ப முடியாது. வேகவைத்த தண்ணீரே பல சமயம் 'தாஷி'யாக இருக்கும். காய்ந்த சூரை மீனையும் கடல்பாசியையும் போட்டு எடுக்கும் சாறு அது. டோஃபு மேல் மரச்சீவல் மாதிரி ஆடிக்கொண்டிருப்பதும் அதே மீன்தான். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் கலந்திருக்கலாம். 'நிக்கு மோ சகானா மோ தாபேமாசென்' என்று சொல்லிப் பாருங்கள். கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று அர்த்தம். தாஷியையும் தனியாகக் கேளுங்கள். ஏனென்றால் பல சமையல்காரர்களுக்கு அது மீனாகவே தோன்றாது! எடமாமே, சுட்ட காய், வெறும் சாதம்... இவை பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பச்சை மீன்? மீனைவிடப் பச்சைக் கோழிதான் எனக்குப் பயம். சில கடைகளில் கோழியின் நெஞ்சுக்கறியை மேலே லேசாக வாட்டி, உள்ளே பச்சையாகவே தருகிறார்கள். கேம்பைலோபாக்டர் என்ற கிருமி வயிற்றுப்போக்கோடு நிற்காது, அபூர்வமாக நரம்பைத் தாக்கிக் கைகால் விழுந்துபோகவும் வைக்கும். பச்சை மாட்டு ஈரலை ஜப்பான் அரசு 2012-லும், பச்சைப் பன்றிக் கறியை 2015-லும் தடை செய்தது. கோழிக்கு அப்படி ஒரு தடை இல்லை, அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அயலை மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரில் ஊறவைத்தாலோ வசாபி தடவினாலோ அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் உறையவைத்தால்தான் சாகும், இல்லாவிட்டால் நன்றாக வேகவேண்டும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சுட்டதைச் சாப்பிடுவதே உத்தமம்.

இன்னொன்று. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் 'நாத்தோ' என்று எழுதியிருக்கும் எதையும் தொடக்கூடாது. அந்தப் புளித்த சோயாவில் வைட்டமின் கே ஏராளம். மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

இனி, கண்ணாடி டம்ளருக்கு வருவோம். ஜப்பானில் தன் டம்ளரில் தானே ஊற்றிக்கொள்வது மரியாதை இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், நீங்கள் அவருக்கு ஊற்ற வேண்டும். அன்பான பழக்கம்தான். ஆனால் டம்ளர் காலியாகவே ஆகாது, எத்தனை குடித்தோம் என்ற கணக்கும் போய்விடும்! இதற்கு மேல் 'நோமிஹோதாய்' வேறு. ஒரே கட்டணம் கட்டிவிட்டு, குறித்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கொடுத்த காசுக்குக் குடித்தே தீரவேண்டும் என்று உடம்பைப் பாழாக்கிக்கொள்பவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை?

2024 பிப்ரவரியில் ஜப்பான் சுகாதார அமைச்சகம், கோப்பைக் கணக்கு வேண்டாம், ஆல்கஹாலைக் கிராமில் பாருங்கள் என்று வழிகாட்டியது. அரை லிட்டர் பீர் என்றால் 20 கிராம். 180 மில்லி ஸகே என்றால் சுமார் 22 கிராம். நாளுக்கு ஆண்கள் 40 கிராமும் பெண்கள் 20 கிராமும் தொட்டாலே வியாதி ஆபத்து கூடுகிறதாம். அதற்குக் கீழே பத்திரம் என்றும் அர்த்தமில்லை. ஜப்பானியர்களில் ஐந்தில் இருவருக்கு ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்துவிடும். ஆல்கஹாலிலிருந்து வரும் நஞ்சை முறிக்கும் என்சைம் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. அதைச் சட்டை செய்யாமல் குடித்தால் உணவுக்குழாய் புற்றுநோய் வரை போகும்.

சர்க்கரை வியாதிக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இஸகாயாவில் சாதமோ நூடுல்ஸோ கடைசியில்தான் வரும். அதுவரை இரண்டு மணி நேரம் கறி, மீன், மது மட்டுமே! இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடலாம். தடுமாறுவார், உளறுவார். பக்கத்தில் இருப்பவர் 'போதை ஏறிவிட்டது' என்று சிரித்துக்கொண்டிருப்பார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வெட்கப்படாமல் முதலிலேயே ஓனிகிரி, அதாவது சாத உருண்டை, கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். கூட வந்தவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

'நான் குடிக்கவே மாட்டேனே' என்பவர்கள் ஊலாங் டீ கேட்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 'ஊலாங் சா' என்றால் டீ. 'ஊலாங் ஹை' என்றால் அதே டீயில் ஷோச்சு என்ற சாராயம் கலந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்! 'ஸவர்' என்று வருவதெல்லாம் ஜூஸ் மாதிரி இனிக்கும், அவற்றிலும் சாராயம் உண்டு. அதிலும் கிரேப்ஃப்ரூட் ஸவர் என்றால், அந்தப் பழச்சாறு பிரஷருக்கும் கொழுப்புக்கும் தருகிற சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. வயது வந்த பிள்ளைகளோடு போகிறீர்களா? அங்கே குடிக்கச் சட்டப்படி 20 முடிந்திருக்க வேண்டும். 2022-ல் மேஜர் வயதை 18 ஆக்கியபோதும் இதை மட்டும் மாற்றவில்லை.

புகை விஷயத்தில் 2020-லிருந்து கெடுபிடி அதிகம். என்றாலும் சில சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு, வாசலில் போர்டு இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

குடித்து முடித்த கூட்டம் அத்தோடு வீட்டுக்குப் போகாது. 'ஷிமே' என்று, முடித்துவைக்க ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ்! அந்த ஒரு கிண்ணத்திலேயே ஒரு நாளைக்கான உப்பு தீர்ந்துவிடும். நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை மிச்சம் வைத்தால் பாதி உப்பாவது மிஞ்சும். சாதத்தின் மேல் டீ ஊற்றித் தருகிற ஓசாஸுகேயும் உண்டு. கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிற்றுக்கு இதம்.

குளிர்காலமாக இருந்தால், ரூமுக்குத் திரும்பியதும் கொதிக்கிற தொட்டித் தண்ணீரில் இறங்கத் தோன்றும். குடித்துவிட்டு இறங்காதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, தொட்டிக்குள்ளேயே மயங்கி மூழ்கிப்போகும் வயதானவர்கள் அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். குளியல் காலையில் ஆகட்டும்.