குறியீடு சொல்வதும் சொல்லாததும்

நுழையுமுன்

உடலில் நோய் தோன்றினால் காய்ச்சல், வலி போன்ற அறிகுறிகள் வெளிப்படுகின்றன. இன்றைய வீட்டு இயந்திரங்களும் தம் குறையைச் சில எழுத்துகளாலும் எண்களாலும் அறிவிக்கின்றன. சலவை இயந்திரத்தின் பிழைக்குறியீடுகளைப் படித்துப் பொருள் கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தில்லியில் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. அடுக்குமாடி வீடு ஒன்றில் சலவை இயந்திரம் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. சோப்பு நீரில் துணிகள் மூழ்கிக் கிடக்கின்றன. கதவு திறக்கவில்லை. திரையில் ‘ஓ.இ.’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் மின்னுகின்றன. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வீட்டிலுள்ளோர் கவலை கொள்கின்றனர். பல ஆயிரம் ரூபாய் செலவாகுமோ என்னும் அச்சமும் எழுகிறது. ஆனால், அந்த இரண்டு எழுத்துகளின் பொருளை அறிந்தவர் அவ்வளவு விரைவில் அஞ்சமாட்டார்.

இயந்திரம் எவ்வாறு அறிகிறது?

சலவை இயந்திரத்திற்குக் கண் இல்லை. எனினும், தன்னுள் நிகழ்வனவற்றை அறிய அதற்குச் சில உணரிகள் உள்ளன. நீர்மட்டத்தை அறியும் முறை மிக எளியது. துணி சுழலும் உருளையைச் சூழ்ந்துள்ள தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே செல்கிறது. அதனுள் காற்று அடைபட்டிருக்கும். தொட்டியில் நீர் உயர உயர அக்காற்று அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தத்தைக் குழாயின் மேல்முனையிலுள்ள உணரி அளக்கிறது. இவ்வாறு நீரைத் தொடாமலே நீர்மட்டம் அறியப்படுகிறது.

வெப்பநிலையை அறிய மற்றோர் உணரி உண்டு. நீர் சூடாகும்போது அதன் மின்தடை மாறுகிறது. மோட்டாரின் வேகத்தையும் கதவு பூட்டப்பட்டுள்ளதா என்பதையும் அறிய வேறு அமைப்புகள் உள்ளன. இவையனைத்தும் தரும் செய்திகளை மின்னணுச் சுற்றுப்பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி ஓயாது கவனிக்கிறது. குறித்த நேரத்திற்குள் நடக்க வேண்டியது நடக்காவிடில் அது வேலையை நிறுத்திப் பிழைக்குறியீட்டைக் காட்டுகிறது.

ஏழு கோடுகளில் எழுதும் திரை

பல இயந்திரங்களின் திரையில் ஒவ்வோர் எழுத்தும் ஏழு சிறு ஒளிக்கோடுகளால் ஆனது. ஏழும் ஒளிர்ந்தால் 8 தோன்றும். இந்த ஏழு கோடுகளைக் கொண்டு எல்லா ஆங்கில எழுத்துகளையும் தெளிவாக எழுத இயலாது. எனவே, எழுதக்கூடிய சில எழுத்துகளே குறியீடுகளில் மிகுதியாக இடம்பெறுகின்றன. மேலும், ‘ஓ’ என்னும் எழுத்தும் சுழியும் ஒன்றுபோலவே தோன்றும்; ‘எஸ்’ என்னும் எழுத்தும் 5 என்னும் எண்ணும் அவ்வாறே. ஆகவே, திரையில் கண்டதைக் கையேட்டிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே பொருள் கொள்ள வேண்டும்.

குறியீடுகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். எல்.ஜி. இயந்திரங்களில் ‘ஐ.இ.’ என்பது நீர் உள்ளே வருவதிலுள்ள குறையையும், ‘ஓ.இ.’ என்பது நீர் வெளியேறுவதிலுள்ள குறையையும் குறிக்கும். ‘டி.இ.’ என்பது கதவைப் பற்றியது, ‘யூ.இ.’ என்பது துணிகள் சமநிலையில் இல்லாமையைச் சுட்டுவது. சாம்சங் இயந்திரங்களில் நீர்வரத்துக் குறைக்கு ‘4 சி’ என்றும், வெளியேற்றக் குறைக்கு ‘5 சி’ என்றும் தோன்றும். அவற்றின் பழைய வகைகளில் இவையே ‘4 இ’, ‘5 இ’ எனக் காட்டப்பட்டன.

திரையில் தோன்றுவன எல்லாம் பிழைகளும் அல்ல. ‘சி.எல்.’ என்னும் எழுத்துகளைக் கண்டு இயந்திரம் பழுதாயிற்று என்று எண்ணுவோர் உண்டு. அது குழந்தைகள் பொத்தான்களை அழுத்தி இயக்கத்தை மாற்றாதிருக்க அமைந்த பூட்டு. கையேட்டில் கூறியுள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அது நீங்கும்.

அறிகுறி வேறு, காரணம் வேறு

பிழைக்குறியீட்டைப் பற்றி அறிய வேண்டிய முதன்மையான உண்மை ஒன்று உண்டு. குறியீடு, இயந்திரம் உணர்ந்ததை மட்டுமே சொல்கிறது. அது நேர்ந்த காரணத்தைச் சொல்வதில்லை. ‘ஐ.இ.’ என்றால் ‘எதிர்பார்த்த நேரத்திற்குள் நீர்மட்டம் உயரவில்லை’ என்பதே பொருள். அது ஏன் உயரவில்லை என்பதை மனிதர்தாம் ஆராய வேண்டும்.

அதற்குக் காரணங்கள் பல. நீர்க்குழாய் மூடியிருக்கலாம். இயந்திரத்தின் நீர்வாயிலில் உள்ள சிறிய வலையை மணலோ உப்புப் படிவோ அடைத்திருக்கலாம். நீரழுத்தம் குறைவாகவும் இருக்கலாம். நீரழுத்தத்தை ‘பார்’ என்னும் அலகால் அளப்பர். 10 மீட்டர் உயரத்தில் உள்ள நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஓர் இயந்திரத்திற்குக் குறைந்தது 0.5 பார் தேவை எனக் கொள்வோம். மொட்டை மாடித் தொட்டி 2 மீட்டர் உயரத்தில் மட்டுமே உள்ள மேல்தள வீட்டில் 0.2 பார்தான் கிடைக்கும். அங்கு ‘ஐ.இ.’ தோன்றும். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் அதே இயந்திரம் குறையின்றி இயங்கும்!

வியப்பான காரணம் மற்றொன்றும் உண்டு. கழிவுநீர்க் குழாயின் முனையைத் தரையோடு தாழ்வாகப் போட்டுவிட்டால், உள்ளே வரும் நீர் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். நீர்மட்டம் உயராது. குறியீடோ நீர்வரத்தைக் குறை கூறும். குறை இருப்பதோ வெளியேறும் வழியில்! இதனால்தான் அக்குழாயின் முனையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் பொருத்துமாறு பல கையேடுகள் கூறுகின்றன.

‘யூ.இ.’ தோன்றும்போதும் பெரும்பாலும் இயந்திரத்தின்மேல் பிழை இருப்பதில்லை. தடித்த போர்வை ஒன்றைத் தனியே இட்டால் அது நீரை உறிஞ்சி ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். அந்நிலையில் உருளை வேகமாகச் சுழன்றால் இயந்திரமே அதிர்ந்து நகரும். வேகம் இருமடங்கானால் அதிர்வை உண்டாக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே, இயந்திரம் வேகமெடுக்க மறுக்கிறது. துணிகளைப் பிரித்துச் சீராகப் பரப்பினால் போதும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். நோயை மட்டுமன்றி அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் அதில் அறிவுறுத்துகிறார். இவ்வறிவுரை இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

முதலில் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நீர் நிரம்பும்போதா, துவைக்கும்போதா, நீர் வெளியேறும்போதா, பிழியும்போதா, எப்போது அது தோன்றியது என்பதையும் குறிக்க வேண்டும். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் இயக்கலாம். அதே குறியீடு திரும்பத் தோன்றினால் எளிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இவற்றைப் பெரியவர்களே செய்ய வேண்டும். ஈரக்கையால் மின்செருகியைத் தொடலாகாது. வெந்நீரில் துவைத்திருந்தால் நீர் ஆறும்வரை வடிகட்டியைத் திறக்கலாகாது. கதவை வலிந்து இழுத்தலும் தவறு. பின்புற மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் மின்கம்பிகளைத் தொடுவது பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலையாகும்.

பழுதுபார்ப்பவர் இந்தி பேசுபவராகவோ மராத்தி பேசுபவராகவோ இருக்கலாம். வீட்டிலுள்ள பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம். எழுதி வைத்த குறியீடு இருவருக்கும் பொதுவானது. ‘இயந்திரம் ஓடவில்லை’ என்று சொல்வதைக் காட்டிலும், ‘நீர் வெளியேறும்போது ஓ.இ. தோன்றியது’ என்று சொன்னால் அவர் எங்குத் தேட வேண்டும் என்பது உடனே புலப்படும். தேவையற்ற உறுப்பை மாற்றிப் பணத்தை இழக்கும் நிலையும் தவிர்க்கப்படும்.

தில்லி வீட்டில், அப்பா மின்செருகியைக் கழற்றினார். நீர் ஆறிய பின் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறிய குழாய் வழியே அதனை வடித்தார். பிறகு வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கொண்டை ஊசியும் இரண்டு ரூபாய் நாணயமும் பஞ்சுத் திரளில் சிக்கியிருந்தன. அவற்றை நீக்கிக் கழுவி மூடியதும் இயந்திரம் முன்போல் இயங்கியது. துவைக்கப் போடுமுன் ஒவ்வொரு சட்டைப்பையையும் சோதிப்பது அன்றுமுதல் அவ்வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பாயிற்று.

சொல்லும் பொருளும்

உணரி – வெப்பம், அழுத்தம் முதலியவற்றை உணர்ந்து தெரிவிக்கும் கருவி
மின்தடை – மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை
படிவு – நீரிலிருந்து பிரிந்து தங்கும் பொருள்
வலிந்து – வற்புறுத்தி
புலப்படும் – விளங்கும்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. திரையில் ஏழு கோடுகளும் ஒளிர்ந்தால் ______ என்னும் எண் தோன்றும்.
2. 10 மீட்டர் உயரத்தில் உள்ள நீர் ஏறத்தாழ ______ பார் அழுத்தம் தரும்.
3. ‘சி.எல்.’ என்பது பிழையன்று. அது ______ ஆகும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இயந்திரம் நீரைத் தொடாமலே நீர்மட்டத்தை எவ்வாறு அறிகிறது?
2. தடித்த போர்வையைத் தனியே இட்டால் இயந்திரம் வேகமெடுக்க மறுப்பது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
கழிவுநீர்க் குழாய் தாழ்ந்திருந்தும் இயந்திரம் நீர்வரத்துக் குறையையே காட்டுகிறது. இதிலிருந்து அறிகுறிக்கும் காரணத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டு இயந்திரம் ஒன்றின் கையேட்டிலிருந்து மூன்று குறியீடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பொருளைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ புரியுமாறு தமிழில் எழுதி, அவர்களிடம் படித்துக் காட்டுக.