பத்தாம் நாள் புண்ணுக்கு முதல் நாளே காரணம்!

“குஞ்சு விட்டபோது துள்ளிக்கொண்டு போனது. பத்தாம் நாள் உடம்பில் புண்ணோடு மிதக்கிறது. தண்ணீரில் என்ன கோளாறு?”

மேட்டூர் தண்ணீர் வந்து பண்ணைக்குட்டைகள் நிரம்பும் பருவத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தண்ணீரைச் சோதிக்க வேண்டியதுதான். கூடவே, குஞ்சு வந்த வண்டியையும் யோசித்துப் பாருங்கள்.

ஹார்மோன் என்றதும் நம் நினைவுக்கு வருவது குஞ்சு பொரிப்பகத்தில் போடும் ஊசிதான். 1957, ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டை மீனை முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம். நம் குட்டைச் சாவுக்குக் காரணமாவது வேறொரு ஹார்மோன். மீன் தானாகச் சுரப்பது. பெயர், கார்ட்டிசால்.

வலையில் அள்ளும்போதும், பையில் நெருக்கும்போதும் சில நிமிடங்களிலேயே இது ரத்தத்தில் ஏறிவிடும். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, தப்பிக்கத் தெம்பு கொடுக்கும். அதுவரை நல்லதுதான். ஆனால், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அடக்கிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குத் தொற்று சீக்கிரம் பிடிக்கும் என்று டாக்டர் எச்சரிப்பாரே, அதே கதை. இதுவும் ஸ்டீராய்டு வகைதான். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உருவாவதில்லை. தலையை ஒட்டிய முன் சிறுநீரகத்தில் உருவாகிறது. கார்ட்டிசால் சுரப்பதும் அங்கேதான். வைக்கோல் போரை ஒட்டியே அடுப்பு வைத்த மாதிரி!

ஒருமுறை பயந்தால் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். பயணம், உச்சி வெயில், புதுத் தண்ணீர், விடியற்காலை ஆக்சிஜன் குறைவு என்று அடுத்தடுத்து வந்தால் தணிய நேரமே கிடைக்காது. குட்டையில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் பாக்டீரியா அப்போதுதான் புண்ணாக்குகிறது.

ஆகவே, ஏற்றுவதற்கு முதல் நாளே தீவனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைத் தண்ணீரைக் கெடுத்துவிடும். வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள். பிறகு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்படி சாய்த்துப் பிடியுங்கள். கொட்டாதீர்கள். விலை மலிவு என்று கூடுதலாக வாங்கி நெருக்கி விடுவதும் வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தாலும், முதல் வாரம் வலை வீசாதீர்கள்.

அப்படியும் புண் கண்டால், கடைக்காரர் தரும் ஆன்டிபயாட்டிக்கைக் குட்டையில் கொட்ட வேண்டாம். நோயுள்ள மீனை உயிரோடு, குட்டைத் தண்ணீருடனேயே சூரக்கோட்டையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். செத்து அழுகிய மீனை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.